காப்லாண்டா, ஹாரிஸா: எந்த மூன்றாவது சிம்ஃபனி முதலில்?

அமெரிக்க சிம்ஃபனி கேட்க ஆசை, ஆனால் ஆரன் காப்லாண்டின் மூன்றாவதா ராய் ஹாரிஸின் மூன்றாவதா என்று குழப்பமா? இரண்டையும் முதலில் வாசித்தது பாஸ்டன் சிம்ஃபனி இசைக்குழுதான், நடத்தியவரும் ஒருவரே, செர்கே குஸெவிட்ஸ்கி. ஒற்றுமை கிட்டத்தட்ட அதோடு சரி.

நீளம்
ஹாரிஸ் (1939): ஒரே மூச்சில் சுமார் 18 நிமிடம்.
காப்லாண்ட் (1946): நான்கு பகுதிகள், 40 நிமிடத்துக்கு மேல்.

இசையின் குணம்
ஹாரிஸ்: செல்லோக்கள் மட்டும் ஒரு நீண்ட மெட்டைத் தொடங்க, மற்ற வாத்தியங்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்கின்றன. நடுவில் தந்தி வாத்தியங்கள் சலசலக்க, மேலே குழல்கள் மாறி மாறிப் பேசும் ஒரு வயல்வெளிப் பகுதி உண்டு, எனக்கு அந்த இடத்துக்காகவே இது பிடிக்கும். அப்புறம் பித்தளை வாத்தியங்கள் ஃபியூக்கில் (ஒரே மெட்டை ஒவ்வொரு குரலாக எடுத்து, ஒன்றையொன்று துரத்தும் வடிவம்) பாய்ந்து, கடைசியில் டிம்பனி என்ற பெரிய முரசு அடிமேல் அடி வைக்க, எல்லாம் இருண்டு போகிறது.
காப்லாண்ட்: அகலமான, வெளிச்சமான ஒலி. 1942இல் அவரே எழுதிய 'சாமானியனுக்கான முழக்கம்' நான்காம் பகுதியில் முதலில் குழல்களில் மெதுவாகத் தலைகாட்டி, பிறகுதான் பித்தளையில் வெடிக்கிறது. முடிவு கொஞ்சம் ஆர்ப்பாட்டம்தான்.

கேட்கும் சுலபம்
ஹாரிஸ்: கவனம் சிதறினால் இழை விட்டுப்போகும்.
காப்லாண்ட்: தனித்தனிப் பகுதியாகவும் கேட்கலாம்.

முழக்கம் ஏற்கெனவே காதில் பழகியவர், நிமிர்ந்து எழவைக்கும் இசை வேண்டுபவர் காப்லாண்டை எடுங்கள். அரை மணி நேரம்கூட இல்லாதவருக்கும் சோகம் பிடித்தவருக்கும் ஹாரிஸ். இசை நடத்துநர் லெனர்ட் பெர்ன்ஸ்டைன் நியூயார்க் ஃபில்ஹார்மானிக் இசைக்குழுவோடு இரண்டையும் பதிவு செய்திருக்கிறார், அதில் தொடங்கலாம்.