ஒரே பட்டியல், ஆறு இடங்கள்

“சோஷியல் மீடியா எல்லாம் இனிமே நீங்க பாத்துக்கோங்க” என்று நூலகத்தில் என்னிடம் சொன்னபோது, எனக்குத் தெரிந்தது வாட்ஸ்அப்பில் வீட்டாருக்குப் படம் அனுப்புவது மட்டும்தான். நூல்களுக்குப் பொருள்வாரியாகப் பகுப்பு எண் போடச் சொன்னால் தூக்கத்தில்கூடப் போடுவேன். ரீல்ஸ் என்றால் கை நடுங்கும்.

எதைக் கற்றுக்கொள்வது என்று கேட்டால் ஆளுக்கு ஒன்றைச் சொன்னார்கள். சரி, போட்டுத்தான் பார்ப்போமே என்று, புதிதாக வந்த 40 நூல்களின் பட்டியலை ஒரே நாளில் ஆறு இடங்களில் போட்டேன். எத்தனை லைக் விழுந்தது என்று எண்ணவில்லை. ஒரு மாதம் கழித்து ஒருவர் கவுண்டரில் வந்து, “போன மாசம் ஒரு லிஸ்ட் போட்டீங்களே சார், அதுல பறவைகளைப் பத்தி ஒரு புத்தகம் இருந்துச்சே?” என்று கேட்டால், அந்தப் பட்டியலை அவரே தேடி எடுக்க முடியுமா? இதுதான் என் அளவுகோல். அடுக்கில் புத்தகம் தேடித் தேடியே காலம் போனவனுக்கு வேறு அளவுகோல் எங்கிருந்து வரும்?

வேகத்தில் வாட்ஸ்அப் குழுவை அடிக்க ஆள் இல்லை. “நாளை நூலகம் திறக்காது” என்று போட்டால் ஐந்து நிமிடத்தில் விஷயம் எல்லோருக்கும் போய்விடும். ஆனால் பட்டியல்? மறுநாளே காலை வணக்கப் படங்களுக்கு அடியில் புதைந்துவிட்டது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். குழுவில் ஒருவர் எண் மற்ற எல்லோருக்கும் தெரியும் என்பதையும், அங்கே பேசுவது எல்லோர் முன்னாலும் பேசுவது என்பதையும் நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒருவர் “நான் கேட்ட புத்தகம் வந்துடுச்சா?” என்று குழுவில் கேட்டார். நானும் உற்சாகமாக நூலின் பெயரையும் போட்டு “வந்துவிட்டது” என்று பதில் எழுதினேன். விவாகரத்துச் சட்டம் பற்றிய நூல் அது. இரண்டு நிமிடம் கழித்துத்தான் உறைத்தது. உடனே அழித்தேன். ஆனால் செய்தி நீக்கப்பட்டது என்ற வரி மட்டும் அங்கேயே நின்றது, அதுவரை கவனிக்காதவர்களும் “என்ன சார் அது?” என்று கேட்க ஆரம்பித்தார்கள். யார் எந்தப் புத்தகம் எடுக்கிறார் என்பதை இன்னொருவரிடம் சொல்லக் கூடாது என்பது இந்த வேலையின் அரிச்சுவடி. கவுண்டரில் ஒருநாளும் அப்படி உரக்கச் சொன்னதில்லை. கைபேசியில் இருநூறு பேர் நடுவில் சொல்லிவிட்டேன்.

வாட்ஸ்அப் சேனல் 2023இல் வந்த வசதி. அதில் இந்தச் சிக்கல் இல்லை. பின்தொடர்பவர்களின் எண் ஒருவருக்கொருவர் தெரியாது. நாம் போடுவதை அவர்கள் பார்க்கலாம், எமோஜி தட்டலாம், வாக்கெடுப்பு வைத்தால் வாக்களிக்கலாம், அவ்வளவுதான். கேள்வி இருந்தால் தனியாகத்தான் கேட்க வேண்டும், அதுதான் முறையும்கூட. ஆனால் தேடும் விஷயத்தில் குழுவைவிடக் கொஞ்சம்தான் தேவலாம், அதற்குமேல் இல்லை. படங்கள் குவிவதில்லை என்பதால் மேலே தள்ளிக்கொண்டே போனால் பட்டியல் கிடைத்துவிடுகிறது.

என் அளவுகோலின்படி பார்த்தால் கைபேசிச் செயலிகளில் டெலிகிராம்தான் முதலிடம். சேனலில் இன்று சேர்ந்தவரும் முதல் பதிவிலிருந்து படிக்கலாம். ஹேஷ்டேக் போட்டு வைத்தால் ஒரு தட்டலில் அந்தப் பொருளில் உள்ள பதிவுகள் எல்லாம் வரிசையாக வரும், கிட்டத்தட்ட நூல் விவர அட்டைகளை அடுக்கி வைத்த எங்கள் பழைய பெட்டி போல. பொதுச் சேனல் என்றால் செயலி இல்லாதவர்கூட பிரவுசரில் திறந்து பார்க்கலாம். டெலிகிராம் குழு ஒன்றில் 2 லட்சம் பேர் வரை சேரலாம் என்கிறார்கள். எங்கள் சேனலில் சேர்ந்தவர்கள் பதினொரு பேர், அதில் மூவர் எங்கள் ஊழியர்கள்.

இன்ஸ்டாகிராமுக்காக ஒரு போஸ்டர் செய்தேன். இரண்டு மணி நேரம் பிடித்தது. நாற்பது தலைப்புகளையும் ஒரே படத்தில் அடைத்ததில் எழுத்தெல்லாம் எறும்பு ஊர்வது போல் இருந்தது. படத்துக்குள் இருக்கும் எழுத்தை, திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பான் வைத்திருக்கும் பார்வையற்ற வாசகரால் ஒழுங்காகக் கேட்கவும் முடியாது, நாம் தனியாக மாற்று விவரம் எழுதிக் கொடுத்தால் ஒழிய. பதிவின் கீழே எங்கள் நூல் பட்டியலான கேட்லாகின் இணைப்பைப் போட்டால் அதைத் தட்டித் திறக்க முடியாது, சுயவிவரத்தில்தான் வைக்க வேண்டும். பட்டியலுக்கு இது சுத்தமாக ஆகாது. ஆனால் முதுகு கிழிந்த புத்தகம் ஒன்றை எங்கள் பைண்டர் பசை தடவி, துணி ஒட்டி, பாரம் வைத்து அழுத்துவதை முப்பது விநாடி வீடியோவாகப் போட்டேன். அதைப் பார்த்துவிட்டு நேரில் வந்தவர்கள் உண்டு. ஒரு பெண் பைண்டரிடமே, “எனக்கும் சொல்லித் தருவீங்களா அண்ணா?” என்று கேட்டார். எந்தப் பட்டியலாலும் இது நடந்ததில்லை.

ஃபேஸ்புக் பக்கம் இருக்கிறது, மூடவில்லை. யாருக்கு எது தெரிய வேண்டும் என்பதை அதுவே முடிவு செய்துகொள்கிறது. கூட்டம் ஏதாவது நடத்தினால் அதில் ஒரு நிகழ்வாகப் போட்டுவைப்போம்.

கடைசியாக வலைப்பூ, அதாவது பிளாக். “இன்னுமா அதெல்லாம்?” என்று சக ஊழியர் சிரித்தார். பட்டியலை எழுத்தாகவே போட்டு, பொருள்வாரியாக லேபிள் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்து நூலகத்தின் பெயரோடு ‘பறவைகள்’ என்று தேடுபொறியில் போட்டபோது முதல் பக்கத்திலேயே வந்தது. யாரும் கணக்குத் தொடங்க வேண்டாம், எண் தர வேண்டாம்.

வலைப்பூவைப் பிடித்துக்கொண்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அமெரிக்காவின் சார்லட்–மெக்லன்பர்க் பொது நூலகத்தில் 2006இல் ஹெலீன் பிளோவர்ஸ் என்பவர் ஊழியர்களுக்கு ‘23 விஷயங்கள்’ என்று ஒரு பயிற்சி நடத்தினார். இணையக் கருவிகளை அவரவர் வேகத்தில் நோண்டிப் பார்த்து, கற்றதைத் தங்கள் வலைப்பூவில் எழுத வேண்டும். முடித்தவர்களுக்கு எம்பி3 பிளேயர் பரிசு. அந்தப் பட்டியலில் இருந்த டெக்னோராட்டியின் வலைப்பூத் தேடல் இன்று இல்லை, இணைப்புகளைச் சேமித்து வைக்கும் டெலிஷியஸும் போய்விட்டது. படங்களுக்கான ஃபிளிக்கரும், சொந்த நூல்களைப் பட்டியலிடும் லைப்ரரிதிங்கும் இருக்கின்றன. அதனால் இப்போது எதைத் தொட்டாலும், போட்டதை மொத்தமாக எடுத்து வேறு இடத்தில் வைக்க வழி இருக்கிறதா என்று முதலில் பார்க்கிறேன். வலைப்பூவில் ஒரே கோப்பாக இறக்கி இன்னொரு தளத்தில் ஏற்றிவிடலாம். மற்ற சிலவற்றிலும் இறக்கலாம், ஆனால் கிடைப்பது மூட்டை கட்டிய பழைய தாள்கள் மாதிரி.

இப்போதைக்குப் பட்டியல் வலைப்பூவில், அதன் இணைப்பு வாட்ஸ்அப் சேனலில், வாரம் ஒரு வீடியோ இன்ஸ்டாகிராமில். டெலிகிராமை அந்தப் பதினொரு பேருக்காக வைத்திருக்கிறேன். வாட்ஸ்அப் குழுவை மூடிவிட்டேன். மூன்று பேர் மட்டும் இன்னமும் என் சொந்த எண்ணுக்குக் காலை வணக்கம் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.