மாவு, செப்புச் சாமான், எல்இடி: பிள்ளைகளோடு மின்சுற்று விளையாடிய அனுபவம்

சின்னப் பிள்ளைகளுக்குக் கரண்ட் பற்றிச் சொல்லிக்கொடுக்க எதை வாங்கலாம் என்று அம்பாசமுத்திரத்துத் தோழிகள் அடிக்கடி கேட்கிறார்கள். முதலில் பெரிதாக எதுவும் வாங்க வேண்டாம், மைதாவில் ஆரம்பியுங்கள் என்பதுதான் என் பதில். மூத்தவள் எல்கேஜி போன நாளிலிருந்து, இப்போது இளையவன் இரண்டாம் வகுப்புக்கு வந்திருக்கும் வரை, வீட்டிலும் தெருப் பிள்ளைகளோடும் மூன்று வகைச் சாமான்களைப் புழங்கிப் பார்த்துவிட்டோம். உப்பு மாவு, ஒயருக்குப் பதிலாகக் காகிதத்தில் ஒட்டும் காப்பர் டேப், பெட்டியாக வரும் ரெடிமேட் கிட். இன்றுவரை கையில் இருப்பது எது, பரணுக்குப் போனது எது என்று எழுதுகிறேன்.

மாவு விளையாட்டை அமெரிக்காவின் மினசோட்டாவில் செயின்ட் தாமஸ் பல்கலைக்கழகத்தில் ஆன்மேரி தாமஸும் அவருடைய மாணவர்களும் உருவாக்கினார்கள். 1 கப் மைதா, 1 கப் தண்ணீர், கால் கப் உப்பு, 1 மேசைக்கரண்டி எண்ணெய். அவர்கள் குறிப்பில் கிரீம் ஆஃப் டார்ட்டர் என்று ஒரு பொடி வரும். அதற்குப் பதில் 9 மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு போதும் என்றும் அவர்களே சொல்கிறார்கள். புளியங்குடி எலுமிச்சை கிடைக்கும் ஊரில் அந்தப் பொடியைத் தேடி அலைய வேண்டியதே இல்லை. எல்லாவற்றையும் வாணலியில் போட்டு, களி கிண்டுவதுபோல் உருண்டு திரளும் வரை கிண்டி, ஆறியதும் கொஞ்சம் உலர்ந்த மைதா தூவிப் பிசைந்தால் முடிந்தது.

இரண்டு உருண்டைகளைத் தள்ளித் தள்ளி வையுங்கள். 4 பென்சில் செல் போட்ட பெட்டியிலிருந்து வரும் இரண்டு ஒயர்களையும் உருண்டைக்கு ஒன்றாகச் செருகுங்கள். எல்இடி என்ற குட்டி விளக்கின் ஒரு கம்பிக் கால் இந்த உருண்டையில், மறு கால் அந்த உருண்டையில். எரியும். எரியாவிட்டால் காலை மாற்றிச் செருகினால் எரியும், ஏனென்றால் எல்இடி ஒரு பக்கம் மட்டும்தான் கரண்டை விடும். நீளமான கால் பிளஸ் பக்கம் போக வேண்டும். விளையாடி விளையாடிக் கால் வளைந்து எது நீளம் என்றே தெரியாமல் போய்விடும் என்பதால், பிளஸ் பக்கத்துப் பிளாஸ்டிக் விளிம்பில் சிவப்பு மார்க்கரால் ஒரு புள்ளி வைத்துவிடுகிறேன். நாலு வயதுப் பிள்ளைக்கும் புள்ளி தெரியும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். அந்த 6 வோல்ட் ஒயரை எல்இடி காலில் நேராகத் தொடக்கூடாது. சிவப்பு எல்இடிக்கு ஏறக்குறைய 2 வோல்ட் போதும், நீலத்துக்கும் வெள்ளைக்கும் 3 வோல்ட் அளவு. மாவில் உப்பு இருப்பதால் கரண்ட் போகும், ஆனால் தாராளமாகப் போகாது. அந்தத் தடைதான் எல்இடியைக் காப்பாற்றுகிறது. நேராகத் தொட்டால் ஒரு நொடியில் கருகிவிடும்.

இதுவரை சொன்னது பாடம். பிள்ளைகள் இதை முதல் நாள் பார்த்து ஆச்சரியப்படுவார்கள், மறுநாள் மறந்துவிடுவார்கள். எங்கள் வீட்டில் இது நிலைத்ததற்குக் காரணம், பிள்ளைகள் சமைத்து விளையாடும் செப்புச் சாமான். எங்கள் ஊரில் மரத்தில் கடைந்து அரக்கு ஏற்றி விற்கும் அடுப்பு, பானை, அம்மி, குடம் எல்லாம் பிள்ளைகளிடம் இருந்தன. ஒரு நாள் மூத்தவள் செப்பு அடுப்புக்குள் மாவை அடைத்து, தீ எரிய வேண்டும் என்று சிவப்பு எல்இடியைச் செருகினாள். எரியவில்லை. அடுப்பு முழுக்க ஒரே மாவு. பக்கத்து வீட்டுப் பிள்ளை ஓடிவந்து, "சித்தி, தீ பிடிக்க மாட்டேங்கு" என்று முறையிட்டாள். நான் பதில் சொல்லவில்லை. இரண்டு பேரும் மாவைப் பிய்த்து, திரும்ப ஒட்டி, நடுவில் இடைவெளி விட்டதும் தீ பிடித்துக்கொண்டது. கரண்ட் எல்இடி வழியாகச் சுற்றி வர வேண்டும், குறுக்கு வழி இருந்தால் அதில் போய்விடும் என்பதை இதைவிட நன்றாக நான் விளக்கியிருக்க முடியாது. தனக்கு ஒரு விளக்கு வேண்டும் என்று பிள்ளைக்கே தோன்றும்போதுதான் சுற்று புரிகிறது. வருடக்கணக்கில் பார்த்ததில் நான் உறுதியாக நம்புவது இதைத்தான்.

இடைவெளி விட இடமில்லாத பொம்மைகளுக்குச் சர்க்கரை மாவு இருக்கிறது. உப்புக்குப் பதில் சர்க்கரை போட்டுப் பிசைந்தால் கரண்ட் ஏறக்குறைய போகாது. குழாய்த் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகள் கொஞ்சம் கடத்திவிடும் என்பதால், இன்வெர்ட்டருக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரில் பிசைகிறேன். அதனாலேயே அந்த மாவை வாயில் வைக்கக்கூடாது என்று சொல்லிவைத்திருக்கிறேன். அவசரத்துக்கு, பத்தமடைப் பாயின் கிழிந்த ஓரத்துண்டு காய்ந்திருந்தால் அதுவே நல்ல தடுப்புச் சுவர்.

அடுத்து வந்தது கொடை விளையாட்டு, அதாவது கோயில் திருவிழா விளையாட்டு. அம்மன் கோயில் கொடை முடிந்த வாரம் எங்கள் திண்ணையிலும் கொடை நடக்கும். மாவில் பந்தல்கால், தீப்பெட்டியில் கோயில், தெருவெல்லாம் சீரியல் செட். இங்கேதான் தொடர் இணைப்பும் பக்க இணைப்பும் தானாக வந்தன. மாவை வரிசையாக வெட்டி ஒன்றுக்குப் பின் ஒன்றாக எல்இடி செருகினால், இரண்டாவதிலேயே வெளிச்சம் மங்கும், மூன்றாவதில் சுத்தமாகப் போய்விடும். இருக்கும் வோல்ட்டை எல்லாரும் பங்கு போட வேண்டியிருக்கிறதே. இரண்டு நீளமான மாவுத் தண்டவாளம் உருட்டி, அவற்றுக்குக் குறுக்கே எல்இடிகளைச் செருகினால் எல்லாம் எரியும், ஒன்றைப் பிடுங்கினாலும் மற்றவை அணையாது. பழைய குண்டு பல்பு சீரியல் செட்டில் ஒன்று போனால் ஒரு வரிசையே போகும் என்று ஆச்சி சொன்னபோது, ஏன் என்று பேரப்பிள்ளைகள்தான் அவளுக்கு விளக்கினார்கள்.

காப்பர் டேப்புக்கு வருவோம். ஆறு வயதுக்கு மேல் நன்றாக இருக்கும். பொங்கல் வாழ்த்து அட்டை, கார்த்திகை விளக்கு அட்டை என்று நிறைய செய்தோம். நான் வாங்கிய விலை மலிவான டேப்பில் பசைப் பக்கம் கரண்டைக் கடத்தவில்லை. துண்டு துண்டாக ஒட்டினால் இணைப்பு நிற்காது, மூலையில் வெட்டாமல் மடித்துத் திருப்ப வேண்டும். இன்னொன்று, 3 வோல்ட் வட்ட செல்லில் வெள்ளை எல்இடி எரிந்துகொண்டிருக்கும்போது பக்கத்திலேயே சிவப்பை இணைத்தால் வெள்ளை அணைந்துவிடும். சிவப்பு வோல்ட்டை 2 பக்கம் இழுத்துவிடுவதால் வெள்ளைக்குப் போதாமல் போகிறது. ஒரு அட்டைக்கு ஒரே நிறம் என்று வைத்துக்கொண்டால் தகராறு இல்லை.

அந்த வட்ட செல்தான் எனக்குப் பெரிய பயம். சிஆர்2032 என்று வருவது 20 மில்லிமீட்டர் அகலம். பிள்ளை விழுங்கினால் உணவுக்குழாயில் சிக்கி, ஈரம் பட்டுக் கரண்ட் பாய்ந்து, 2 மணி நேரத்துக்குள்ளேயே திசுவை அரித்துவிடக்கூடியது. விழுங்கியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலே எக்ஸ்ரே வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், காத்திருக்கக்கூடாது. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் காப்பர் டேப் விளையாட்டே வேண்டாம் என்பேன், பென்சில் செல் பெட்டி போதும். அதேபோல், மாவில் ஷாக் அடிக்காது என்று பழகிய கை சுவர் பிளக் பக்கம் போகக்கூடாது. அங்கே இருப்பது 230 வோல்ட் என்பதை ஒவ்வொரு முறையும் விளையாட்டு ஆரம்பிக்கும் முன் சொல்கிறேன்.

ரெடிமேட் கிட் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தரம் நன்றாகத்தான் இருந்தது. படத்தில் உள்ளபடி மாட்டினால் எரியும், அதோடு சரி. செப்பு அடுப்புக்குள் அது நுழையாது. அதிலிருந்து பிழைத்தது சின்ன மோட்டார் மட்டும்தான். மோட்டாரின் இரண்டு ஒயரிலும் சிவப்பு எல்இடியை மாட்டி, அச்சில் நூல் சுற்றி வேகமாக இழுத்தால் அது மின்னும், எதிர்ப்பக்கம் இழுத்தால் மின்னாது. இதைப் பார்த்த பிறகு பாபநாசம் பவர் ஹவுஸைக் காட்டி, 1944 முதல் தாமிரபரணித் தண்ணீர் இந்த வேலையைத்தான் பெரிதாகச் செய்கிறது என்று சொன்னதும் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபட்டது. பணகுடிப் பக்கம் போகும்போது காற்றாலையைக் காட்டி, "அதுல யாரு நூல் இழுக்கா?" என்று இளையவன் கேட்டான். காற்று என்று அக்காக்காரி சொல்லிவிட்டாள். திருநெல்வேலி கொக்கிரகுளத்து அறிவியல் மையத்துக்கும் இந்த மோட்டாரைக் கையில் வைத்து விளையாடிய பிறகு கூட்டிப்போனால் பிள்ளைகள் கேட்கும் கேள்வியே வேறாக இருக்கும்.

பராமரிப்பு பெரிதில்லை. மாவை மூடி இறுகிய டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் சில வாரம் தாங்கும். நம் வெயிலில் வெளியே வைத்தால் வாடை வந்துவிடும். உப்பு எல்இடி காலையும் ஒயர் முனையையும் அரிப்பதால், விளையாடி முடித்ததும் ஈரத்துணியால் துடைத்துக் காயவைக்க வேண்டும். இந்த வேலை எங்கள் வீட்டில் பிள்ளைகளுடையது. எலக்ட்ரானிக்ஸ் கடையில் எல்இடி கேட்கும்போது 5 மில்லிமீட்டர் தருவார்கள். சின்ன விரலுக்கு 10 மில்லிமீட்டர்தான் வசதி, கேட்டு வாங்குங்கள்.