குரல்வழித் தட்டச்சு: காது நன்று, கை பிடிவாதம்

கைப்பேசி விசைப்பலகையில் ஒலிவாங்கிப் படத்தைத் தொட்டுவிட்டுப் பேசினால் பேச்சை எழுத்தாக்கித் தரும் வசதிக்கு வரும் மதிப்புரைகள், அது எத்தனை சொற்களைத் தவறாகக் கேட்டது என்று எண்ணுவதோடு பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. சரியாகக் கேட்ட சொல்லை அது எந்த எழுத்துக்கூட்டலில் இடுகிறது என்பதும், பேசுபவரின் வட்டார ஒலிப்பு அந்த எழுத்தில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதும் அதே அளவு முக்கியமானவை. நேர்காணல்களையும் கதை உரையாடல்களையும் எழுத்தில் கொண்டுவரும் வேலைக்கு இவ்வகைச் சேவை ஒன்றைத் தொடர்ந்து பயன்படுத்துபவன் என்ற முறையில், அந்தக் கோணத்திலிருந்தே இதை மதிப்பிடுகிறேன்.

எழுத்துத் தமிழை நிதானமாக வாசித்தால் குறை சொல்ல அதிகமில்லை. நம்மில் பலர் பேச்சில் ரகரத்தையும் றகரத்தையும் வேறுபடுத்துவதில்லை. இருந்தும் ‘கரை ஏறினான்’ என்பதையும் ‘கறை படிந்தது’ என்பதையும் அருகிலுள்ள சொற்களைக் கொண்டு இச்சேவை பிரித்தறிந்துவிடுகிறது. ழகரத்தை ளகரமாக ஒலிப்பவர் ‘மளை’ என்று சொன்னாலும் ‘மழை’ என்றே எழுதுகிறது. செய்தி அனுப்புபவருக்கு இது பெரிய உதவி. தன் நாக்கின் பழக்கம் தன் எழுத்தில் பிழையாகத் தெரிய வேண்டும் என்று யாரும் விரும்புவதில்லை. வல்லினம் மிகும் இடங்களில் மட்டும் அது எந்த விதியையும் பின்பற்றுவதாகத் தெரியவில்லை.

பேச்சுத் தமிழுக்கு வந்தவுடன் நிலைமை மாறுகிறது. ‘வந்துக்கிட்டிருக்கேன்’, ‘வந்துண்டிருக்கேன்’, ‘வந்துகொண்டிருக்கிறன்’ ஆகிய மூன்றும் பேசுபவரின் ஊரையோ சமூகச் சூழலையோ காட்டிவிடக்கூடிய வடிவங்கள். இச்சேவையோ மூன்றையும் பெரும்பாலும் ‘வந்துட்டு இருக்கேன்’ என்ற ஒற்றை அச்சில் வார்த்துவிடுகிறது. யாழ்ப்பாணத்து ‘வாறன்’ ஒரு முறை ‘வாரன்’ ஆகிறது, இன்னொரு முறை ‘வரேன்’ ஆகிறது. நெல்லைப் பக்கத்து ‘சொல்லுதேன்’ என்பதை ‘சொல்லு தேன்’ என்று பிரித்து எழுதியதைக் கண்டு சிரிப்பதா, திருத்துவதா என்று விளங்கவில்லை. மொழி அமைப்பில் தமிழை இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என நாட்டுவாரியாகத் தேர்ந்தெடுக்க இடம் தந்திருக்கிறார்கள். தேர்வை மாற்றினால் சில சொற்கள் திருந்துகின்றன, எழுத்துக்கூட்டும் போக்கு மாறுவதில்லை. யாழ்ப்பாணப் பேச்சும் மட்டக்களப்புப் பேச்சும் ஒரே நாட்டுக்குள் இருக்கும்போது, நாட்டின் பெயரால் பேச்சைப் பிரிப்பதில் பொருளும் அதிகமில்லை.

எனக்கு எரிச்சலூட்டுவது தரப்படுத்தல் அன்று, அதன் சீரின்மைதான். முழுவதையும் எழுத்து வழக்குக்கு மாற்றித் தந்தால் அது ஒரு கொள்கை. சொன்னதைச் சொன்னபடி தந்தால் அதுவும் ஒரு கொள்கை. ஒரே வாக்கியத்தில் ‘அவர் சொல்லிவிட்டார், நான்தான் கேக்கல’ என்று முதற்பாதியைப் பாடநூலிலும் பிற்பாதியைத் தெருவிலும் நிறுத்தினால், அப்படிப் பேசக்கூடிய மனிதர் எவரும் இல்லாததால், நேர்காணல் கொடுத்தவரின் குரல் பொய்யாகிவிடுகிறது.

பழி முழுவதையும் இச்சேவையின் மேல் போட முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். பேச்சுத் தமிழுக்கு எல்லோரும் ஏற்ற எழுத்துக்கூட்டல் என்று ஒன்று இல்லை. ‘வர்றேன்’, ‘வரேன்’, ‘வாரேன்’ எல்லாம் அச்சில் புழங்குகின்றன. அதற்கும் மேலாக, நம் எழுத்திலேயே சில ஒலிகளுக்கு இடமில்லை. ‘மரம்’, ‘வந்தேன்’ போன்ற சொற்களின் இறுதி மெய் பேச்சில் தேய்ந்து, அதற்கு முன்னுள்ள உயிர் மூக்கொலி பெறுகிறது. அந்த மூக்கொலி உயிரைக் காட்டக் குறி கிடையாது. சொல்லிறுதியில் இதழ் குவியாமல் குறுகி ஒலிக்கும் உகரத்தையும் முழு உகரத்தையும் இன்று ஒரே வடிவில்தான் எழுதுகிறோம். குற்றியலுகரமும் புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் சொல்கிறது. மலையாளம் இன்றும் அவ்வொலியைச் சந்திரக்கலை என்ற பிறை வடிவக் குறி இட்டுக் காட்டுகிறது. நாம் அந்த வழக்கத்தை விட்டுவிட்டோம். வல்லெழுத்துகளின் இருவகை ஒலிப்புக்கும் தனித்தனி எழுத்து இல்லாததால் தீவினை என்னும் ‘பாவம்’, முகத்தில் காட்டும் ‘பாவம்’ இரண்டும் காதில் வேறாகவும் தாளில் ஒன்றாகவும் இருக்கின்றன. ஆய்த எழுத்தை விட்டுவிட்டு ‘பேன் ஓடுகிறது’ என்று இச்சேவை எழுதினால், கூரையைப் பார்ப்பதா தலையைப் பார்ப்பதா என்பதை வாசகர்தான் முடிவு செய்ய வேண்டும்.

நீட்டத்துக்கு அந்தச் சாக்கும் இல்லை. குறளில் ‘ஓஒதல்’ என்று எழுதும் அளவுக்கு, உயிரொலி தன் அளவைக் கடந்து நீள்வதைக் காட்ட அளபெடை என்ற ஏற்பாட்டை நம் மரபு வைத்திருக்கிறது. இன்றைய இளைஞர்களும் அரட்டைச் செய்திகளில் நெடில் குறியை அடுக்கி அதே வேலையைச் செய்கிறார்கள். நான் எவ்வளவு இழுத்து ‘போ’ என்றாலும் இச்சேவை ‘போ’ என்று மட்டுமே எழுதுகிறது. கொஞ்சலும் கோபமும் ஏளனமும் அந்த நீட்டத்தில்தான் இருக்கின்றன என்பது உரையாடல் எழுதுபவர்களுக்குத் தெரியும்.

இத்தகைய மென்பொருள்கள், பதிவு செய்த பேச்சையும் அதற்கு மனிதர்கள் எழுதிய பிரதியையும் இணைத்துப் பார்த்தே கற்கின்றன. எழுதியவர் ‘வாறன்’ என்று கேட்டு ‘வருகிறேன்’ என்று பதிந்திருந்தால் மென்பொருளும் அதையே படிக்கும். மொசில்லா 2017இல் தொடங்கிய காமன் வாய்ஸ் போன்ற பொதுத் திரட்டுகளும் பெரும்பாலும் எழுதிய வாக்கியத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்லியே குரல்களைச் சேர்த்தன. வாசிப்பவரின் ஒலிப்பு அதில் பதியும், அவருடைய வினைவடிவம் பதியாது. தரத்தை அளக்கும் சொற்பிழை விகிதமோ மாறிய, விடுபட்ட, கூடுதலான சொற்களைக் கூட்டி மூலப் பிரதியின் மொத்தச் சொற்களால் வகுப்பது. அதன் கணக்கில் ‘வர்றேன்’ என்பதை ‘வரேன்’ என்று எழுதுவதும் ‘மாறன்’ என்று எழுதுவதும் ஒரே அளவு பிழை. இந்த அளவுகோலை மட்டும் வைத்துச் செம்மைப்படுத்தினால், நுட்பமான எழுத்துக்கூட்டலுக்கு மதிப்பு எங்கிருந்து வரும்?

ஆகவே கடிதம், கட்டுரை, அலுவல் குறிப்பு எழுதுபவர்கள் தயங்காமல் இதைப் பயன்படுத்தலாம். கண் பார்வைக் குறைவோ கைவலியோ உள்ளவர்களுக்கு இன்னும் உறுதியாகப் பரிந்துரைப்பேன். வாய்மொழி வரலாறு தொகுப்பவர்களுக்கும் புனைகதை எழுதுபவர்களுக்கும் இது முதல் வரைவு எடுக்க மட்டுமே உதவும். ‘சொன்னபடி’, ‘எழுத்து வழக்கில்’ என்று இரண்டு தெரிவுகளை அமைப்பில் வைத்து, ஒன்றைத் தேர்ந்தபின் கடைசிவரை அதிலேயே நின்றால் என் குறைகளில் பெரும்பகுதி நீங்கிவிடும். அதுவரை ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: நான் பயன்படுத்தும் சேவை எழுத்தைத் தந்தபின் ஒலியைப் பயனரிடம் திருப்பித் தருவதில்லை, எனவே ஒலிப்பதிவை வேறொரு கருவியில் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு, பிரதியை அதோடு வரி வரியாக ஒப்பிட்டுத் திருத்துங்கள்.