சரிவில் நிலம் அளக்கும் கருவி: நான்கு வருஷ அனுபவம்

போன வாரம் என் ஜிபிஎஸ் கருவிக்குப் பேட்டரி மாற்றினேன். அதைப் பார்த்த கவுஞ்சி நண்பர், "நானும் ஒன்று வாங்கட்டுமா?" என்று கேட்டார். சட்டென்று பதில் வரவில்லை.

கையில் பிடித்துக்கொண்டு நிலத்தைச் சுற்றி நடந்தால் பரப்பைச் சொல்லும், அவ்வளவுதான். மழை தாங்குகிறது, திரையும் பரவாயில்லை. எரிச்சலெல்லாம் கொடைக்கானல் மலையில் எங்கள் பூம்பாறைச் சரிவில்தான்.

பூண்டு நடவுக்கு வருகிறவர்கள் கூலிக் கணக்குக்குச் சரிவோடு டேப் பிடிப்பார்கள். கருவியோ மேலிருந்து பார்த்த மாதிரி தட்டையாகக் கணக்குப் போடும். 30 டிகிரி சரிவில் டேப்பில் 100 மீட்டர் என்றால் இதில் 86.6 மீட்டர். அவர்களுக்கு ஒரு ஏக்கர், எனக்கு 87 சென்ட்! முதல் வருஷம் திரையைக் காட்டிச் சண்டை போட்டேன். ஆள் கூட்டி வரும் அக்கா, "தம்பி, மிஷின் மேல இருந்து பார்க்குது. குனிஞ்சு நடுறது நாங்க" என்றார். விதைப்பூண்டும் அவர் கணக்குப்படியேதான் தீர்ந்தது.

பட்டாவில் இருப்பதும் தட்டைக் கணக்குதான் என்பதால் கருவி பொய் சொல்கிறது என்று சொல்ல மாட்டேன். உயரத்தையும்தான் பதிகிறதே, சரிவுப் பரப்பையும் சேர்த்துக் காட்டினால் என்ன குறைந்துவிடும்? யூகலிப்டஸ் ஓரம் போனாலோ மரம் சிக்னலை மறைத்து இன்னும் மோசம். ஒரே இடம் காலையில் 20 சென்ட், சாயங்காலம் 23. இந்த லட்சணத்தில் மூன்று தசம இடம் வேறு.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அளந்த எல்லையைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, இலவசமாகக் கிடைக்கும் சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தின்மேல் வைத்துப் பார்த்தேன். அதில் ஒரு கட்டம் 10 மீட்டருக்கு 10 மீட்டர். அதாவது பட்டாவில் போடுகிறார்களே, அந்த ‘ஏர்’ என்ற அளவில் ஒன்று. நம் கணக்கில் ஏறக்குறைய இரண்டரை சென்ட். ஐந்து நாளைக்கு ஒரு படம் என்பார்கள்; ஐப்பசி, கார்த்திகையில் வெறும் மேகம்தான். மாசியில் வானம் வெளுத்ததும் பயிரின் செழிப்பைக் காட்டும் அகச்சிவப்புப் பட்டையில் பார்த்தால், கீழ்ப்படி வயலில் இரண்டு கட்டம் மட்டும் மங்கலாக இருந்தது. போய்ப் பார்த்தேன். வாய்க்காலில் கல் சரிந்து தண்ணீர் போகாமல் கிடந்தது. அன்றைக்கு இந்தக் கருவிக்குச் சூடம் ஏற்றாததுதான் குறை.

நண்பரிடம் வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பரப்பு மட்டும் வேண்டுமென்றால் போனிலேயே இலவசச் செயலி இருக்கிறது. "சரி, அப்போ உங்களுடையதைப் பாதி விலைக்குக் கொடுங்களேன்" என்றார்.

எப்படிக் கொடுப்பது? இப்போதுதானே பேட்டரி மாற்றியிருக்கிறேன்.