விவா பெர்தாகா: பெரூரியே நுவாரின் கடைசி மூன்று இரவுகள்

1989 நவம்பர் 9, 10, 11 ஆகிய நாள்களில் பாரிஸின் ஒலிம்பியா அரங்கில் பெரூரியே நுவார் நடத்திய விடைபெறும் கச்சேரிகளின் பதிவே, 1990இல் வெளிவந்த 'விவா பெர்தாகா'. இந்த பிரெஞ்சு பங்க் ராக் குழுவை இதுவரை கேட்டிராதவர்கள், ஸ்டூடியோ ஆல்பங்களைத் தள்ளிவைத்துவிட்டு இதிலிருந்தே தொடங்கலாம் என்பேன்.

1983இல் பாடகர் பிரான்சுவாவும் கிட்டார் கலைஞர் லோரானும் தொடங்கிய இக்குழுவில் டிரம்ஸ் வாசிக்க ஆள் கிடையாது. 'தேதே' என்று செல்லப்பெயர் சூட்டப்பட்ட ட்ரம் மெஷின்தான் தாளம் போட்டது. 1985இல் வந்த 'கோன்செர்த்தோ பூர் தெத்ராக்கே' ஆல்பத்தில் அந்த இயந்திரத் தாளம் வறண்டே ஒலிக்கிறது. ஒலிம்பியாவிலோ, அதே தாளத்தின் மேல் அரங்கம் முழுவதும் சேர்ந்து பாடும்போது, குழுவில் இல்லாத டிரம்ஸ் கலைஞரின் இடத்தை ரசிகர்களே நிரப்பிவிடுகிறார்கள். 'போர்ஷெரி' பாடலில் இதைத் தெளிவாகக் கேட்கலாம். 1986 தேர்தலில் 35 இடங்களைப் பிடித்து நாடாளுமன்றத்துக்குள் நுழைந்த தீவிர வலதுசாரிக் கட்சியான தேசிய முன்னணியைச் சாடி எழும் முழக்கத்தில், எது மேடைக்குரல், எது கூட்டத்தின் குரல் என்று பிரித்தறிய முடிவதில்லை. அந்த முழக்கம் பிற்காலத்தில் பிரெஞ்சுத் தெருப் போராட்டங்களிலும் ஒலித்தது.

பெரிய இசை நிறுவனங்களை அண்டாமல் போந்தாஜ் என்ற சிறு நிறுவனத்தின் வழியே தட்டுகளை வெளியிட்டு, நுழைவுச்சீட்டு விலையைக் குறைவாக வைக்க வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தவர்கள், பாடகி எதித் பியாஃப் பாடிப் புகழ்பெற்ற அரங்கில், அதுவும் செல்வாக்கின் உச்சியில் இருந்தபோதே விடைபெற்றார்கள். இதை முரண் என்போரும் உண்டு. எனக்கு அது நல்ல குறும்பாகவே படுகிறது.

குறைகளும் இல்லாமலில்லை. முகமூடியும் கோமாளி மூக்குமாகச் சர்க்கஸ் போல நடந்த மேடை நிகழ்ச்சியின் பாதி, ஒலிப்பதிவில் காணாமல் போய்விடுகிறது. ஒரே விரைவில் ஓடும் பாடல்களை ஒரே மூச்சில் கேட்டால் அலுப்புத் தட்டும். மாஸ்தோவின் சாக்ஸபோன் குறுக்கிடும் இடங்கள்தாம் சற்று மூச்சுவிட வைக்கின்றன. பல நாட்டு மக்களையும் விளித்து வணக்கம் சொல்லிக்கொண்டே போகும் 'சலுத் அ துவா'வை மட்டும் எத்தனை முறை கேட்டாலும் சலிப்பதில்லை.

2003இல் ரென் நகரின் திரான்ஸ் மியூசிக்கல் விழாவில் குழு மீண்டும் மேடையேறி, 2006இல் நிரந்தரமாகக் கலைந்தது. அந்தக் காலப் பதிவுகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 'விவா பெர்தாகா' பிடித்துப்போனவர்கள் அடுத்ததாக 1987இன் 'அப்ரகதபூம்' ஆல்பத்தைத் தேடிக் கேட்கட்டும்.