ஓட்டை இல்லாத டேங்கில் தண்ணீர் குறைவது ஏன்? கேம்பர் டிரெய்லர் அனுபவம்

எங்களுடையது ஒற்றை ஆக்சில் கேம்பர் டிரெய்லர், அதாவது வண்டிக்குப் பின்னால் இழுத்துப்போய் முகாமில் கூடாரமாக விரிக்கிற டிரெய்லர். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டிலிருந்து வடக்கே ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடர், மாரீ, ஊட்னடாட்டா டிராக் என்று மண்ரோட்டில் போவதற்காகவே வாங்கியது. கூடாரம், படுக்கை, அடுப்பு பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். பல வருஷமாக இதை இழுத்துக்கொண்டு அலைந்ததில் நான் அதிகம் மல்லுக்கட்டியது தரைக்கு அடியில் இருக்கும் 100 லிட்டர் குடிதண்ணீர் டேங்கோடுதான். அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

வாங்கிய புதிதில் வீட்டில் வழிய வழிய நிரப்பிக்கொண்டு கிளம்புவோம். சாயங்காலம் முகாம் போட்டுப் பார்த்தால் தண்ணீர் அளவு காட்டும் கேஜில் ஒரு விளக்கு, சில நாள் இரண்டு விளக்கு குறைந்திருக்கும். வழியில் யாரும் குழாயைத் திறந்திருக்க மாட்டோம். அடியில் தடவிப் பார்த்தால் டேங்க் காய்ந்து கிடக்கும். விற்றவரிடம் கேட்டதற்கு, "கேஜ் அப்படித்தான் காட்டும்" என்று கைகழுவிவிட்டார். நாலு விளக்கு கேஜை நம்ப முடியாது என்பது உண்மைதான். அதனால் தோட்டத்து ஹோஸில் மாட்டுகிற சின்ன வாட்டர் மீட்டர் ஒன்றை வாங்கினேன். போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி நிரப்பினால் எத்தனை லிட்டர் உள்ளே போகிறதோ, அத்தனையும் வழியில் போனது. மலை ஏறி இறங்கிய நாட்களில் அது இருபது லிட்டரைத் தாண்டியது. சமதரை நாட்களில் ரெண்டு மூணு லிட்டரோடு சரி. இந்த வித்தியாசம்தான் துப்பு. டேங்கில் ஓட்டை இருந்தால் மலையென்றும் சமதரையென்றும் பார்த்தா ஒழுகும்?

மீதிக் கதையைப் புழுதி சொன்னது. மாரீக்கு வடக்கே ரோட்டுப் புழுதி டிரெய்லரின் அடிப்பக்கம் முழுக்கச் செம்பொடியாக, தொட்டால் உதிர்கிற மாதிரி படியும். கூட வந்த தம்பி ஒருத்தன் மல்லாந்து படுத்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, டேங்க் சுத்தமா இருக்கு. இந்தச் சின்ன ஹோஸ் வாயில மட்டும் சேறு அப்பியிருக்கு பாருங்க" என்றான். பென்சில் கனத்தில் தொங்கிய அந்த ஹோஸின் நுனியில் செம்மண் விரல் நீளத்துக்குக் குழைந்து ஒட்டியிருந்தது. பின்னால் இருந்த குறுக்குச் சட்டத்திலும் சேறு கோடுகோடாகத் தெறித்திருந்தது. அதுதான் பிரீதர் ஹோஸ். டேங்கில் தண்ணீர் ஏறும்போது காற்று வெளியே போகவும், இறங்கும்போது உள்ளே வரவும் உள்ள வழி.

பேரலிலிருந்து மண்ணெண்ணெய் எடுக்க டியூபை வாயால் ஒரு இழு இழுத்துவிட்டால் அப்புறம் தானாக ஊற்றுமே, அதே சங்கதிதான். டேங்க் நிறைந்திருக்கும்போது பிரேக் போட்டாலோ மேடு ஏறினாலோ தண்ணீர் அலைமோதி பிரீதர் ஹோஸுக்குள் ஏறுகிறது. ஹோஸ் கீழ்நோக்கித் தொங்குவதால் நிறைந்த உடனே சைஃபன் பிடித்துவிடும். டேங்குக்குள் இருக்கிற அதன் வாயில் காற்று படும்வரை நிற்காது.

வாய் டேங்கின் மேல்பக்கம்தானே இருக்கிறது, கொஞ்சம் போனதும் நின்றுவிடாதா என்று நானும் நினைத்தேன். சமதரையில் நின்றுவிடும். எங்கள் டேங்க் 1.2 மீட்டர் நீளம், 40 சென்டிமீட்டர் அகலம். பிரீதர் வாய் பின்பக்க மேல் ஓரத்தில். 8 சதவீத ஏற்றத்தில் டேங்கின் முன்பக்கம் பின்பக்கத்தைவிட ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் உயர்ந்துவிடும். காற்றெல்லாம் முன்னால் ஒதுங்க, பின்னால் இருக்கிற வாய் தண்ணீருக்குள்ளேயே கிடக்கும். அந்த வாயின் மட்டத்துக்குத் தண்ணீர் இறங்குவதற்குள் கணக்குப்படி 23 லிட்டர் போய்விடும். ஹாராக்ஸ் பாஸ் மாதிரி ஒரு கணவாய் ஏறினாலே போதும். வாய் முன்பக்கம் இருக்கும் டேங்க்களில் இதே கூத்து இறக்கத்தில் நடக்கும். உங்களுடையது எந்தப் பக்கம் என்று முதலில் பாருங்கள்.

முதலில் போட்டது ஹோஸ் நுனியில் ஒரு சின்ன பால் வால்வு. ஓட்டும்போது மூடு, நிறுத்தியதும் திற. சில டாலரில் வேலை முடிந்தது, தண்ணீரும் நின்றது. ஆனால் இதை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். வால்வு மூடியிருக்கும்போது பம்பை ஓட்டினால் டேங்க் உள்ளே ஒடுங்கும், பம்ப் முக்கும். மூடியபடியே ஹோஸ் வைத்து நிரப்பினால் காற்று போக வழியின்றித் தண்ணீர் திருப்பியடிக்கும். டேங்கும் வயிறு உப்பி, அதைத் தாங்கும் ஸ்ட்ராப் பட்டையை முறுக்கும். பயணக் களைப்பில் இறங்குகிறவரின் ஞாபகசக்தியை நம்பி ஒரு ஏற்பாடு செய்வது என் கணக்கில் ஏற்பாடே இல்லை.

அடுத்து, காற்றை உள்ளே மட்டும் விடும் ஒருவழி வால்வு. கேட்க நன்றாக இருந்தது, கொஞ்ச காலம் நன்றாகத்தான் ஓடியது. இதில் நிரப்பும்போது வெளியேறும் காற்று நிரப்பும் வாய் வழியாகத்தான் வர வேண்டும். அதனால் மெதுவாகத்தான் நிரப்ப முடியும், அவசரப்பட்டால் முகத்தில் அடிக்கும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஊட்னடாட்டா புழுதி அந்த ரப்பர் நாக்கில் படிந்து இறுகி, ஒரு கட்டத்தில் காற்றை எந்தப் பக்கமும் விடவில்லை. தார்ரோட்டிலேயே ஓட்டுகிறவர்களுக்கு இது சரிப்படலாம். எங்கள் ரோட்டுக்குச் சரிப்படாது.

இப்போது இருப்பது இதுதான். பிரீதர் ஹோஸைக் கீழே விடாமல் டேங்கிலிருந்து நேரே மேலே கொண்டுபோய், பக்கவாட்டில் இருக்கும் நிரப்பும் வாயைவிட ஒரு சாண் உயரத்தில், டூல் பாக்ஸ் ஓரத்தில் முடித்துவிட்டேன். நுனியில் வண்டிக் கடையில் கிடைக்கும் சின்ன பெட்ரோல் ஃபில்டர், புதியது, புழுதிக்காக. மேலே ஏற்றி மறுபடி கீழே வளைத்து விடுகிறவர்களும் உண்டு. அதில் ஒருமுறை ஹோஸ் நிறைந்துவிட்டால் மறுபடி சைஃபன் பிடிக்க வாய்ப்பு இருக்கிறது. மேலேயே முடித்துவிட்டால் அந்தப் பேச்சே இல்லை. நடுவில் எங்கும் தொய்வு இருக்கக் கூடாது. தொய்ந்த இடத்தில் தண்ணீர் தங்கிக் காற்றை மறித்துவிடும். வால்வு இல்லை, திறப்பது மூடுவது இல்லை. பல வருஷமாகிறது, நான் மாற்றியது ஃபில்டரை மட்டும்தான். மீட்டரில் இப்போது மலைநாட்களிலும் ஒன்றிரண்டு லிட்டருக்கு மேல் காட்டுவதில்லை. அதுவும் நிரப்பும் மூடி வழியாகச் சிதறுவது. மூடியின் ரப்பர் வளையம் வெயிலில் காய்ந்து வெடிக்கும், உதிரி ஒன்று கைவசம் வைத்திருக்கிறேன்.

சைஃபன் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும். கல்லடி பட்டால் மொத்தமும் ஒரே மூச்சில் போகும். டேங்கின் அடியில் இருக்கும் டிரெயின் குழாய்தான் இழுக்கும் வண்டியின் பின்சக்கரம் வாரியடிக்கும் கல்லுக்கு முதல் பலி. கம்பெனி வைத்தது பிளாஸ்டிக். உடனே பித்தளைக்கு மாற்றச் சொல்வார்கள். பாதி சரி. கனமான பித்தளை வால்வை டேங்கின் பிளாஸ்டிக் மரையில் நேராகத் தொங்கவிட்டால், காரகேஷன் ரோட்டின் (அலையலையாக வரி விழுந்த மண்ரோடு) அதிர்வில் அதன் பாரமே மரையைக் கீறிவிடும். நான் டேங்கிலிருந்து ஒரு சாண் ஹோஸ் எடுத்து, வால்வைச் சேஸிஸ் சட்டத்தில் கிளாம்ப் போட்டு இறுக்கிவிட்டேன். மூடிய நிலையில் கைப்பிடி பின்பக்கம் பார்த்து இருக்க வேண்டும். முன்பக்கம் பார்த்தால் புதர்க்குச்சி ஒன்று போதும், திறந்துவிடும். வால்வின் வாயில் ஒரு மூடியும் திருகியிருக்கிறேன். டேங்கின் முன்முகத்துக்கு ஒரு செக்கர் பிளேட் (புடைப்பு வரி போட்ட உலோகத் தகடு), டிரெய்லரின் முன்னால் நீளும் டிரா பாரில் கல்தடுப்பு வலை. இது இரண்டுக்கும் கொடுத்த காசு வீண் இல்லை.

பம்ப் சுவிட்சை ஓட்டும்போது அணைத்துவைப்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். காரணம் என்னவென்றால், லைனில் அழுத்தம் குறைந்தால் பம்ப் தானாக ஓடத் தொடங்கும். குலுக்கலில் அடுப்படிக் குழாய் லேசாகத் திறந்தாலோ ஒரு மூட்டு கழன்றாலோ டேங்க் காலியாகும்வரை அது இறைத்துக் கொட்டும். முன்னால் வண்டியில் ஏசி போட்டு உட்கார்ந்திருப்பவருக்குச் சத்தம்கூடக் கேட்காது. ஹோஸ் கிளிப்புகளை முதல் நாள் மண்ரோடு முடிந்ததும் ஒரு தடவை முறுக்குவேன். ஹோஸ் சட்டத்தின் விளிம்பில் உரசும் இடங்களில் கொஞ்சம் பெரிய ஹோஸைப் பிளந்து மேலே போர்த்திவிட்டேன்.

டேங்கைத் தாங்கும் ஸ்ட்ராப்பை டேங்க் நிறைந்திருக்கும்போதுதான் இறுக்க வேண்டும். நிறைந்தால் அடி தொய்யும், காலியில் இறுக்கியது அப்போது பொருந்தாது. ஸ்ட்ராப் வளையும் மூலைகளில்தான் விரிசல் விடும். விரலால் தடவினாலே தெரியும்.

இன்னொன்று, பாதி டேங்கோடு காரகேஷனில் ஓட்டுவது எனக்குப் பிடிக்காது. தண்ணீர் முன்னும் பின்னும் மோதி டேங்கின் ஒட்டுகளையும் மூட்டுகளையும் அடிக்கும். 100 லிட்டர் என்றால் 100 கிலோ. எங்கள் டேங்க் ஆக்சிலுக்கு முன்னால் இருப்பதால் தண்ணீர் குறையக் குறைய, வண்டியில் டிரெய்லரை மாட்டும் டோபார் மேல் உள்ள பாரமும் குறையும். டிரெய்லர் எடையில் பத்தில் ஒரு பங்கு அங்கே இருக்க வேண்டும் என்பது இங்கே பொதுவாகச் சொல்லும் கணக்கு. அதனால் தண்ணீர் கிடைக்கும் ஊர்கள் வழியாகத் தார்ரோட்டில் போனால் காலி டேங்க். அந்தப் பாரத்துக்குத் தகுந்தபடி சாமான்களை முன்னால் நகர்த்திவைப்போம். மண்ரோட்டுக்குள் நுழையும் முன் கடைசி ஊரில் முழு டேங்க்.

மாரீயிலிருந்து மார்லா வரை ஊட்னடாட்டா டிராக் சுமார் 620 கிலோமீட்டர். நடுவில் கிடைக்கும் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. நல்லாபோர் வறண்ட சமவெளியைக் கடக்கும் ஏர் ஹைவேயில் ரோட்ஹவுஸுக்கு ரோட்ஹவுஸ் டீசல் கிடைக்கும், டேங்க் நிரப்பத் தண்ணீர் கேட்டால் கையை விரிப்பார்கள். ஆகவே டேங்க் எவ்வளவு நம்பகமாக இருந்தாலும் 20 லிட்டர் ஜெர்ரி கேன் இரண்டு வண்டிக்குள் தனியாக வரும். வீட்டம்மா அதை டேங்க் கணக்கில் சேர்க்கவே விடமாட்டார்.

அடுத்து செய்ய நினைப்பது, இந்த ஒரே டேங்கை எடுத்துவிட்டு 50 லிட்டரில் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் தனி வால்வு. இப்போதைய டேங்க் இன்னும் திடமாக இருப்பதால் அந்த வேலை தள்ளிக்கொண்டே போகிறது.