இராயபுரம் ஸ்டேஷனும் நாலு வியூவரும்

பழைய வண்ணாரப்பேட்டையில் எம்.சி. ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் என் டிடிபி கடை இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், பள்ளிக்கூட அடையாள அட்டை, இதுதான் பிழைப்பு. கட்டடக்கலை படிக்கும் அக்கா பெண் ஒரு நாள் வந்து உட்கார்ந்தாள். இராயபுரம் ரயில் நிலையத்தை முப்பரிமாணத்தில் கட்டி, கூடப் படிப்பவர்களை உள்ளே கூட்டிப்போய்ச் சுற்றிக் காட்ட வேண்டுமாம். வீடியோ ஓட்டினால் போதாது. ஒவ்வொருவரும் ஒரு பொம்மையாக உள்ளே வந்து, தூண்களுக்கு நடுவே தன் இஷ்டத்துக்கு நடக்க வேண்டும்.

"மாமா, நீதான் வருசக்கணக்கா செகண்ட் லைஃப்ல சுத்திக்கினு இருக்கியே, எந்த வியூவர் நல்லா இருக்கும்னு சொல்லு."

"எந்த கம்ப்யூட்டர்ல ஓட்டப் போற? அத மொதல்ல சொல்லு கண்ணு" என்றேன்.

அவள் கேட்டது நல்ல கேள்வி, நான் திருப்பிக் கேட்டது அதைவிட முக்கியமான கேள்வி. ஏன் என்று புரிய, வியூவர் என்ன வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும். செகண்ட் லைஃப் 2003 ஜூனில் லிண்டன் லேப் நிறுவனம் திறந்த உலகம், இணையம் வழியாகப் பொம்மையாக நுழைந்து நடமாடும் முப்பரிமாண உலகம். அதற்குள் போக நம் கணினியில் ஓட்டும் நிரல்தான் வியூவர். (2022 பிப்ரவரியில் கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு தம்பதி கல்யாண வரவேற்பை மெட்டாவெர்ஸில் வைத்தபோது, ஏதோ நேற்று முளைத்த சமாச்சாரம் மாதிரி எல்லாரும் பேசினார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது.) அங்கே நிலம் 256 மீட்டருக்கு 256 மீட்டர் சதுரங்களாக இருக்கும். சதுரத்துக்கு ரீஜன் என்று பெயர். எந்தப் பொருள் எங்கே இருக்கிறது, யார் எங்கே நிற்கிறார், கதவைத் தொட்டால் எந்த ஸ்கிரிப்ட் ஓட வேண்டும் என்கிற கணக்கு எல்லாம் சர்வரில் நடக்கிறது. ஆனால் சர்வர் காட்சியை வரைந்து அனுப்புவதில்லை. 'இந்த இடத்தில் இவ்வளவு உயரத்துக்கு ஒரு தூண், அதன்மேல் இந்தச் சுண்ணாம்புப் படம்' என்று பட்டியல்தான் அனுப்புகிறது. வரைவது முழுக்க நம் கணினியின் பொறுப்பு.

பீச் லைன் பக்கம் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடையில் நின்றவர்களுக்கு இது சட்டென்று புரியும். நூடுல்ஸ், முட்டைகோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் எல்லாம் தனித்தனியாக எதிரே இருக்கும். பிசைகிறவர் கையில்தான் ருசி. சர்வர் சாமான் கொடுக்கும், வியூவர் பிசையும். ஒரே ரீஜனில் நிற்கும் இரண்டு பேர், வியூவர் மாறினால், இரண்டு விதமான ஊரைப் பார்ப்பார்கள். இதில் இன்னொன்று, வீடியோ கேம் மாதிரி எல்லாவற்றையும் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளவும் முடியாது. கட்டுவது ஊர்க்காரர்களே என்பதால் நாளைக்கு என்ன இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. நடக்க நடக்கத்தான் இறங்கும். புது இடத்துக்குப் போனதும் முதலில் எல்லாம் சாம்பல் நிறமாக, மொழுக்கென்று தெரிவது அதனால்தான்.

2007 ஜனவரியில் லிண்டன் லேப் தன் வியூவரின் மூல நிரலைத் திறந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் ஆளாளுக்கு ஒரு வியூவர் செய்ய ஆரம்பித்தார்கள். அதே மாதத்தில் சர்வர் பக்கத்தைத் தனியாக எழுதும் ஓப்பன்சிமுலேட்டர் திட்டமும் தொடங்கியது. இந்த இரண்டும் இல்லாவிட்டால் ஒப்பிடுவதற்கே ஒன்றும் இருந்திருக்காது.

சரி, முதல் போட்டி: லிண்டன் லேப்பின் சொந்த வியூவரா, ஃபயர்ஸ்டார்மா?

சொந்த வியூவரில் புது வசதிகள் முதலில் வரும். உலோகம் உலோகமாகவும் ஈரத்தரை ஈரத்தரையாகவும் தெரிகிற பிபிஆர் முறை அங்கேதான் முதலில் வந்தது. மெனு குறைவு, புதியவர் மிரள மாட்டார். செகண்ட் லைஃபுக்குள் மட்டும் சுற்றிப் பார்ப்பவர், நல்ல கிராபிக்ஸ் கார்டும் வைத்திருந்தால், வேறு எதையும் தேட வேண்டியதில்லை.

ஃபயர்ஸ்டார்ம் தன்னார்வலர்கள் செய்வது. அதன் அமைப்புப் பக்கத்தைத் திறந்தால் பர்மா பஜாரில் நுழைந்த மாதிரி இருக்கும். எல்லாம் கிடைக்கும், எந்தக் கடையில் என்று தெரிந்திருக்க வேண்டும். முதல் ஒரு வாரம் எனக்கும் தலை சுற்றியது. ஆனால் கட்டுகிறவர்களுக்கு இதுதான் பட்டறை. ஒரு தூணின் அளவு, இடம், திருப்பம் மூன்றையும் காப்பி எடுத்து இன்னொரு தூணில் ஒட்டலாம். ரீஜனில் தொலைந்துபோன பொருளைப் பெயர் சொல்லித் தேடலாம். கண்ணை உறுத்தும் பொருளை நம் திரையில் மட்டும் வராமல் செய்யலாம். நாமே உருவாக்கியதைக் கோப்பாக வட்டில் சேமிக்கலாம். பொம்மை விறைத்து நிற்காமல் இயல்பாக நடக்க வைக்கும் ஏற்பாடும் உள்ளேயே இருக்கிறது.

அக்கா பெண்ணுக்கு இந்தப் பட்டியலெல்லாம் தேவைப்படவே இல்லை. ஒரே காரணத்தில் விஷயம் முடிந்தது. செகண்ட் லைஃபில் சாதாரண அளவுப் படம் ஒன்றை ஏற்ற அந்த உலகத்துக் காசில் 10 லிண்டன் டாலர். ஸ்டேஷன் கட்ட வேண்டும் என்றால் நிலத்துக்கும் மாதாமாதம் பணம். ஓப்பன்சிமுலேட்டரை நம் கணினியிலேயே ஓட்டினால் இரண்டும் இலவசம். எத்தனை முறை தவறு செய்தாலும் யாரும் காசு கேட்க மாட்டார்கள். அங்கே போக சொந்த வியூவர் சரிப்படாது, அது லிண்டன் லேப்பின் உலகத்துக்காகச் செய்தது. இப்படித் தனித்தனியாக ஓடும் ஒவ்வொரு உலகத்துக்கும் கிரிட் என்று பெயர். ஃபயர்ஸ்டார்மில் கிரிட் முகவரி சேர்க்கும் இடம் இருக்கிறது. 127.0.0.1:9000 என்று தட்டினால் நம் மேசைக்கு அடியில் ஓடும் உலகத்துக்குள் போய்விடலாம். மற்றவர்கள் நடத்தும் கிரிட்களுக்கும், கிரிட்களை இணைக்கும் ஹைப்பர்கிரிட் வழியாக, வரைபடத்தில் முகவரியைத் தட்டித் தாவலாம். ஓஎஸ்கிரிட் மாதிரி பழைய பொதுக் கிரிட்கள் அப்படித்தான் நமக்குப் பக்கத்து ஊராகின்றன.

இதில் ஒரு பொறி இருக்கிறது. நாங்கள் அதில் விழுந்து ஒரு சாயங்காலத்தை வீணாக்கினோம். ஃபயர்ஸ்டார்ம் இரண்டு பதிப்பாக வருகிறது. செகண்ட் லைஃபுக்கான பதிப்பில் ஹாவோக் என்ற இயற்பியல் மென்பொருளின் துண்டு சேர்ந்திருக்கும். அதன் உரிமம் வேறு உலகங்களுக்கு அனுமதி தருவதில்லை என்பதால் அந்தப் பதிப்பு ஓப்பன்சிமுலேட்டர் (சுருக்கமாக ஓப்பன்சிம்) பக்கம் போகாது. ஓப்பன்சிமுக்குத் தனிப் பதிப்பு. பெயரைப் படிக்காமல் முதலில் கண்ணில் பட்டதை இறக்கிவிட்டு, "மாமா, கிரிட் சேர்க்கற எடமே காணோம்" என்று அவள் என்னைத் திட்ட, நான் அவளைத் திட்ட, சோறு எடுத்து வந்த அம்மா எங்கள் இருவரையும் திட்டினார். "அந்த பொம்மைய வுட்டுட்டு மொதல்ல சோத்தத் துண்ணுங்க."

இனி கடைக் கணினி. பழைய ஐ3, 8 ஜிபி ரேம், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. பத்திரிகை வடிவமைக்க இது தாராளம். ஆனால் பிபிஆர் வந்த பிறகு வரைகிற சுமை கூடிவிட்டது. ஃபயர்ஸ்டார்மில் 6.6.17தான் பழைய முறையின் கடைசிப் பதிப்பு. 7-இல் தொடங்குகிறவை எல்லாம் புது முறை. என் கணினியில் புதியது ஓடும், ஆனால் தேர் நகர்வது போல ஓடும். குறை கணினியின் வயதில்தான், வியூவரில் இல்லை.

அதற்கு எனக்குக் கிடைத்த மருந்து கூல் விஎல் வியூவர். பார்க்க 2000-களின் முகம். பொருளின்மேல் வலது கிளிக் செய்தால் பட்டியலுக்குப் பதில் வட்டமாக மெனு விரியும். அழகு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் பழைய வரைமுறை, புது வரைமுறை இரண்டையும் ஒரே வியூவரில் வைத்து, எது வேண்டுமோ நீயே எடுத்துக்கொள் என்று விட்டிருக்கிறார் அதைச் செய்கிறவர். செகண்ட் லைஃப், ஓப்பன்சிம் இரண்டுக்கும் ஒரே நிரல், லினக்ஸிலும் ஓடும். கைப்பிடித்துச் சொல்லித் தருவதெல்லாம் கிடையாது, நாமே தட்டித் தடவித்தான் கற்க வேண்டும். பழைய பஜாஜ் ஸ்கூட்டரைச் சாய்த்துப் பிடித்து உதைத்தவர்களுக்கு இது பிடித்துப்போகும்.

எந்த வியூவரானாலும் முதலில் கை வைக்க வேண்டியது பார்வைத் தூரத்தில், அதாவது எவ்வளவு தூரம்வரை வரைய வேண்டும் என்பதில். வழக்கமாக 128 மீட்டரில் இருக்கும். அதை 64 ஆக்கினால் சுற்றளவு பாதியாகும், பரப்பு கால்வாசியாகும். வரைய வேண்டிய சாமானும் அந்த அளவுக்குக் குறையும். நிழலை அணைத்துவிடுங்கள். அடுத்தது மற்றவர்களின் பொம்மைகள். நகை, கூந்தல், சரிகை என்று அலங்காரம் கூடக் கூட ஒரு பொம்மையே ஒரு கட்டடத்தைவிடக் கனமாகிவிடும். சிக்கல் அளவுக்கு (அந்தக் கனத்தின் கணக்கு) ஒரு வரம்பு வைத்தால் அதைத் தாண்டியவர்கள் முழுசாக வராமல் ஒற்றை நிறத்து உருவமாகத் தெரிவார்கள். ஜெல்லி பொம்மை என்று செல்லப்பெயர். கூட்டத்தில் நின்று பேச அதுவே போதும்.

இவ்வளவு செய்தும் இழுத்தால் கன்ட்ரோல், ஷிஃப்ட், 1 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். ஒரு புள்ளிவிவரப் பலகை வரும். வினாடிக்கு எத்தனை சட்டகம் (ஃப்ரேம்) வரைகிறது என்பது குறைந்தால் கணினிக்கு வலு போதவில்லை. பாக்கெட் இழப்பு, அதாவது வழியில் தொலையும் தகவல் துண்டுகள், ஏறினால் நம் வீட்டு இணைப்பில் கோளாறு. பிங், அதாவது சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம், அதிகம் என்றால், அதற்கு வண்ணாரப்பேட்டையில் உட்கார்ந்துகொண்டு எதுவும் செய்ய முடியாது. செகண்ட் லைஃபின் சர்வர்கள் அமேசானின் மேகத்தில், அமெரிக்க மேற்குக் கரையில் இருக்கின்றன. கதவைத் தொட்டு, அது திறக்கும்வரை ஒரு மூச்சு இடைவெளி இருக்கும். வியூவரை மாற்றி அதைக் குறைக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நாலாவது ரேடகாஸ்ட். இதை வியூவர் என்று சொல்வதே கொஞ்சம் தாராளம். உலகத்தை வரையாமலேயே உள்ளே போகும். திரையில் எழுத்து மட்டும்: யார் பக்கத்தில் இருக்கிறார்கள், என்ன பேசுகிறார்கள், நம் பையில் என்ன இருக்கிறது. வேறு இடத்துக்குத் தாவலாம், உட்காரலாம். முப்பரிமாணம் வேண்டும் என்றால் தனியாகத் திறந்துகொள்ளலாம். பத்து வருடப் பழைய லேப்டாப்பிலும் நோகாமல் ஓடும். திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருளை நம்பியிருக்கும் பார்வையற்றவர்களுக்கும் இந்த எழுத்து வழி உதவுகிறது.

முதலில் நானும் இதை ஏளனமாகத்தான் பார்த்தேன். மனதை மாற்றியது தமிழ். மற்ற வியூவர்கள் எழுத்துகளைச் சேர்த்து வடிவமைப்பதில்லை, வந்த வரிசையில் ஒவ்வொரு குறியாக வைத்துக்கொண்டே போகின்றன. 'கை' என்று தட்டினால் சங்கிலிக்கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். இருபது வருடமாகத் தமிழ் எழுத்தைக் கோத்துச் சோறு தின்கிறவனுக்கு அதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. ரேடகாஸ்ட் விண்டோஸின் சொந்த எழுத்துப் பெட்டியைப் பயன்படுத்துவதால் தமிழ் தமிழாகவே வரும். இருப்பதிலேயே அவலட்சணமான நிரலில்தான் நம் எழுத்து அழகாக இருக்கிறது. உலகத்துக்குள் வைக்கும் பெயர்ப்பலகைக்கு வேறு வழி இருக்கிறது: கடையில் வடிவமைத்து, படமாக்கி, பலகையின்மேல் ஒட்டிவிடுவது. மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தில் 'இராயபுரம்' நான் செய்து கொடுத்தது.

லிண்டன் லேப்பின் போன் செயலியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. யூனிட்டி என்ற கேம் மென்பொருளில் செய்தது, செகண்ட் லைஃபுக்கு மட்டும். பஸ்ஸில் போகும்போது நண்பர்களோடு பேசலாம், கட்ட முடியாது. காட்சியை வேறெங்கோ வரைந்து வீடியோவாக பிரவுசருக்கு அனுப்பும் சோதனையையும் லிண்டன் லேப் செய்து பார்த்திருக்கிறது. அது பிசைந்து பொட்டலம் கட்டி வருகிற அத்தோ. நம் கணினிக்கு வேலை இல்லை, ஆனால் கேபிள் உறுதியாக இருக்க வேண்டும். எங்கள் தெருவில் அந்த நம்பிக்கை எனக்கில்லை.

கடைசியில் அவளுடைய லேப்டாப்பில் 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு இருப்பதால் ஃபயர்ஸ்டார்மின் ஓப்பன்சிம் பதிப்பு. ஓப்பன்சிமுலேட்டரும் அதே லேப்டாப்பில். கடைக் கணினியில் கூல் விஎல். 1856-இல் திறந்த ஸ்டேஷன், தூண் வரிசைதான் அதன் முகம். ஒரு தூணைச் சரியாகச் செய்து, ஷிஃப்டை அழுத்தியபடி இழுத்து இழுத்து மற்றவற்றை நட்டாள். தூண் வரிசையும் நடைமேடையில் ஒரு துண்டும் ஒரே ரீஜன் சதுரத்துக்குள் வசதியாக அடங்கின. காசிமேடு துறைமுகத்தையும் சேர்க்கலாம் என்று ஆசைப்பட்டாள். அதற்கு இன்னும் பல ரீஜன் வேண்டும் என்று தடுத்துவிட்டேன்.

சோதித்துப் பார்க்க வைத்திருந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்து, மழைநீர் வடிகாலுக்குத் தோண்டியதில் தெருவின் ஃபைபர் அறுந்தது. ஆனால் ரவுட்டருக்கு மின்சாரம் இருந்தது. அதுவே போதும் என்று அப்போதுதான் உறைத்தது. முந்தின நாளே சர்வர் அமைப்பில் 127.0.0.1-ஐ எடுத்துவிட்டு, ரவுட்டர் அந்த லேப்டாப்புக்குக் கொடுத்த முகவரியைப் போட்டு வைத்திருந்தோம். வந்திருந்த மூன்று தோழிகளும் வைஃபையில் சேர்ந்து, இணையமே இல்லாமல் ஸ்டேஷனுக்குள் இறங்கினார்கள். தூண்களுக்கு நடுவே நாலு பொம்மைகள் ஓடிப் பிடித்து விளையாடின. கடைக் கணினியில் நான் பார்வைத் தூரத்தை 96 வரைக்கும் ஏற்றிப் பார்த்தேன், தாங்கியது.

டீ எடுத்து வந்த அம்மா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். இராயபுரத்தில் பிறந்தவர். தூண், படி, மஞ்சள் பலகை எல்லாவற்றையும் ஒரு சுற்று பார்த்துவிட்டுக் கேட்டார்:

"டேசன் நல்லாத்தான் கீது. ரயிலு எங்கடா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் டீயைக் குடித்தேன்.